கேட்டுல என் டிபன் பாக்ஸ் மட்டும் ஏன் கத்துது?

எட்டேமுக்காலுக்கே ஆபீஸ் வந்து லைன்ல நின்னாலும் சீட்டுக்குப் போக ஒம்பது தாண்டிடுது, ஏன்னா கேட்டுல நிலைக்கதவு மாதிரி நிக்குற மெட்டல் டிடெக்டர்ல நான் நுழைஞ்சா போதும், கீ கீன்னு கத்திடும். செக்யூரிட்டி அண்ணன் "டிபனா சார், பையைத் தொறங்க"ம்பாரு. தினமும் அதே எவர்சில்வர் டப்பா, அதே புளிசாதம்.

எக்ஸ்ரேலாம் ஒண்ணும் கிடையாதுங்க அதுல. ரெண்டு பக்கப் பலகைக்குள்ளயும் இருக்குறது கம்பிச் சுருள்தான். அதுல கரண்டை நொடிக்கு நூத்துக்கணக்கான தடவ விட்டு விட்டு நிறுத்துவாங்க, ஒவ்வொரு தடவயும் ஒரு காந்தப்புலம் எழும்பி அடங்கும், அப்படி மாறுற புலத்துக்குள்ள உலோகம் எது மாட்டுனாலும் அதுக்குள்ள கரண்ட் ஆத்துச் சுழி மாதிரி சுத்த ஆரம்பிச்சிடும். 1831லயே ஃபாரடே கண்டுபிடிச்ச தூண்டல்தான் இதுக்கு அடிப்படை. சுருள்ல கரண்ட் நின்ன பிறகும் டப்பாக்குள்ள அந்தச் சுழல் மின்னோட்டம் ரொம்பக் கொஞ்ச நேரம் இழுத்துட்டுதான் அடங்கும், அந்த இழுவையை ரிசீவர் சுருள் மோப்பம் பிடிச்சிடுது.

அதனால காந்தத்துல ஒட்டாத எவர்சில்வரும் சிக்கும், மின்சாரம் பாஞ்சா போதும். அப்ப எனக்கு முன்னாடி போற அக்கா கழுத்துச் செயினுக்கு ஏன் கத்தல? தங்கத்துல கரண்ட் நல்லாவே பாயும், ஆனா செயின் கண்ணி கண்ணியா இருக்கறதால ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் சின்ன வட்டமாத்தான் சுத்த முடியும், என் டப்பா மூடியோ கரண்டுக்கு ஒரு மைதானம். சின்னச் சிக்னலை விட்டுடுற மாதிரி மெஷினையும் செட் பண்ணியிருப்பாங்க.

1881ல சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் உடம்புல குண்டைத் தேட, டெலிபோன் கிரஹாம் பெல் இதே தூண்டலை வச்சு ஒரு கருவி செஞ்சாரு. கட்டில் மெத்தைல இருந்த கம்பி ஸ்பிரிங்கு குழப்பி விட்டுச்சுன்னு சொல்வாங்க. குண்டு சிக்கல.

கேட்டு டிடெக்டரைத் தாண்டுனா ஆபீஸ் ஐடி கார்டைத் தட்டணும். அங்கயும் சுருள்தான்! கார்டுக்குள்ள பேட்டரி கிடையாது, ரீடரோட காந்தப்புலத்துலருந்து கரண்டைக் கடன் வாங்கித்தான் சிப்பு முழிச்சு நம்பரைச் சொல்லும். பர்ஸோட தட்டுனா உள்ள இருக்குற சில்லறை அந்தப் புலத்தைத் தின்னுடும், மெட்ரோ கார்டும் கூட இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல பேசி ரீடர் சிவப்பு லைட்டு காட்டிடும். எனக்கு நேத்து அப்படித்தான் ஆச்சு, மூணு தடவ தட்டி, பின்னாடி நின்னவர் உச்சுக் கொட்டி, அப்புறம் கார்டைத் தனியா உருவித் தட்டுனதும் பச்சை.