ஆர்கேட் கேபினட் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது திரையை

வீட்டு விளையாட்டு அறைக்குப் பழைய பாணி ஆர்கேட் கேபினட் (காசு போட்டு நின்றபடி ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி) ஒன்றை வாங்க நினைப்பவர்கள், பக்கப் பலகையில் உள்ள ஓவியத்தையும் உள்ளே எத்தனை விளையாட்டுகள் இருக்கின்றன என்பதையும்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். திரை பழைய தொலைக்காட்சிகளில் இருந்த கண்ணாடிப் படக்குழாயா, இன்றைய தட்டைத் திரையான எல்சிடியா என்ற கேள்வி இவை இரண்டுக்கும் முன்னால் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1980-களின் விளையாட்டுகள் படக்குழாய் படம் வரையும் முறையை நம்பியே உருவாக்கப்பட்டவை.

படக்குழாயின் கழுத்துப் பகுதியில் சூடேறும் எதிர்மின்வாயிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களை, 20,000 வோல்ட் அளவிலான உயர் மின்னழுத்தம் கண்ணாடி முகப்பை நோக்கி விரைவுபடுத்துகிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் அந்தக் கற்றையை வளைத்து, வரி வரியாகத் திரை முழுவதும் ஓடச் செய்கிறது. கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒளிர்ந்து உடனே மங்குகிறது. பெரும்பாலான பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் விநாடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகளும் 60 படங்களும் இவ்வாறு வரையப்படுகின்றன.

நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட, புதிர்ப்பாதைக்குள் ஓடி ஆடும் பேக்-மேன் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. இந்த நெட்டுவாக்கான படத்துக்காகப் படக்குழாயையே 90 பாகை திருப்பிக் கேபினட்டுக்குள் பொருத்தினார்கள். இதே படத்தை 1080 வரிகள் கொண்ட எல்சிடியில் முழு உயரத்துக்கும் விரித்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் 3.75 வரிகள் கிடைக்கின்றன. முக்கால் வரி என்று ஒன்று எல்சிடியில் கிடையாது என்பதால், சில புள்ளிகள் மூன்று வரிகளும் சில நான்கு வரிகளும் பிடித்துக்கொள்ள, புதிர்ப்பாதையின் சுவர்கள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிகின்றன. அதை மறைக்க மென்பொருள் ஓரங்களை மழுங்கடித்தால் படமே மங்கிவிடுகிறது. எல்சிடிதான் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள், 1600-க்கு 1200 புள்ளி கொண்ட திரையை நெட்டுவாக்கில் நிறுத்திய கேபினட்டைத் தேடலாம். அதில் இந்தப் படம் சரியாக ஐந்து மடங்காகி, சுற்றிலும் சிறிது கறுப்பு ஓரம் விட்டு அடங்கிவிடும்.

அசைவிலும் வேறுபாடு உண்டு. படக்குழாயில் ஒவ்வொரு புள்ளியும் கணநேரம் மட்டுமே ஒளிர்கிறது. சாதாரண எல்சிடியோ விநாடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் முழுவதும் அதே படத்தைப் பிடித்துவைத்திருப்பதால், நகரும் உருவத்தைப் பின்தொடரும் கண்ணுக்கு அது இழுபட்டுத் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கும் மின்சுற்று ஒன்றிரண்டு படங்களைத் தேக்கிவைத்து அனுப்பினால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையே தாமதமும் சேர்கிறது.

கற்றை கடந்துபோகும் கணத்தை ஒளியுணர்வியால் கண்டறிந்து குறி பார்க்கும் பழைய ஒளித் துப்பாக்கிகள் (திரையை நோக்கிச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள்) எல்சிடியில் இயங்கவே இயங்கா. விண்கற்களைச் சுடும் விளையாட்டான அடாரியின் அஸ்டராய்ட்ஸ் (1979) வேறு வகை: அங்கே கற்றை வரி வரியாக ஓடாமல் கோடுகளை நேரடியாக வரைகிறது, குண்டுகள் கண்கூசும் புள்ளிகளாக மின்னுகின்றன. அந்தப் பிரகாசத்தை வேறு எந்தத் திரையிலும் நான் முழுமையாகக் காணவில்லை. அந்த விளையாட்டுக்காகவே வாங்குபவர்கள் அசல் திரையையே நாடுவது நல்லது.

படக்குழாய்க் கேபினட்டை விலை பேசுமுன், மின்சாரத்தை நிறுத்தித் திரையைச் சாய்வாகப் பார்க்க வேண்டும். ஒரே புதிர்ப்பாதை ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்த இடத்தில் பாஸ்பர் தேய்ந்து, அணைந்த திரையிலும் அதன் தடம் தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை. படம் நெளிவதும் ஓரங்கள் வளைவதும் பெரும்பாலும் மின்தேக்கிகள் உலர்ந்துபோனதன் அறிகுறி; அவற்றை மாற்றிவிடலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் உயிருக்கே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் பின்பக்கத்தைத் திறக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் கேபினட் 120 வோல்ட்டுக்கு அமைந்ததாக இருக்கலாம். 230 வோல்ட் இணைப்பில் செருகுமுன் அதன் மின்மாற்றியைச் சரிபார்ப்பது கட்டாயம்.

கடைசியாக, உருவத்தை நகர்த்தும் கைக்கம்பியான ஜாய்ஸ்டிக். பேக்-மேனுக்கு நான்கு திசை போதும். எட்டுத் திசைக் கம்பியில் திருப்பங்களில் மூலைவாட்டத் திசையும் கலந்து, நினைத்த வழியில் திரும்பாமல் போகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) போன்ற சண்டை விளையாட்டுக்கோ எட்டுத் திசையும் வேண்டும். இரண்டையும் ஆட விரும்புபவர்கள், கம்பியின் அடியிலுள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பித் திசைகளின் எண்ணிக்கையை மாற்றக்கூடிய ஜாய்ஸ்டிக்கைக் கேட்டு வாங்கலாம்.