சிரிக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்தம்

ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் விற்பனை வேலையில் நிற்கும் பெண்கள் மருத்துவரான என்னிடம் வந்தால் முதலில் சொல்வது தலைவலி, தாடைவலி, தூக்கமின்மை. மனசு சரியில்லை என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. வேலையைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்: கடை திறந்ததிலிருந்து இரவு கல்லா மூடும்வரை முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார், முகம் வாடியிருந்தால் ஃபைன்.

"அப்பாவுக்கு பதினாறாம் நாள் காரியம் முடிச்சிட்டு வேலைக்குப் போனேன் மேடம், அன்னைக்கே மூஞ்சி சரியில்லன்னு நூறு ரூபா புடிச்சிட்டாங்க" என்றார் ஒருவர். இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தச் சிரிப்புதான் எனக்குக் கவலை. உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று மாதக்கணக்கில் இருந்தால், ஒரு கட்டத்தில் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதே பிடிபடாமல் போகிறது. அழ வேண்டிய இடத்தில் அழுகை வராது. வீட்டுக்குப் போனால் குழந்தை தண்ணீர் கேட்டாலே எரிந்து விழத் தோன்றும், அப்புறம் அதற்காக இரவெல்லாம் குற்ற உணர்ச்சி. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களிடம் இதைக் கவனித்து, உணர்ச்சியைக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் உழைப்புதான் என்று 1983-லேயே எழுதினார். உணராததை முகத்தில் மட்டும் காட்டுவது ஆளைச் சோர்வடைய வைக்கிறது என்று அதன்பின் வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வாடிக்கையாளரிடம் இன்முகமாகப் பேசச் சொல்வதை நான் தப்பென்று சொல்லவில்லை. தண்டனைதான் தப்பு. ஃபைனுக்குப் பயந்து சிரிக்கிறவரின் உடம்பு நாள் முழுக்கப் பயத்தில் இருக்கிறது. தோள் இறுகும், பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார், தாடைவலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலாளி நினைத்தபடி அபராதம் போடச் சட்டத்தில் இடமில்லை என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் முன் ஒப்புதல் வேண்டும், அதை அறிவிப்பாக ஒட்ட வேண்டும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், ஒரு சம்பளத் தவணையில் போடும் மொத்த அபராதம் அந்தத் தவணைச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்வது இது. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கால் வலியைப் பார்க்க முடிந்த நம்மால் இந்த வலியையும் பார்க்க முடியும்.

கடை நடத்துகிறவர்களே, ஃபைனை எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேமரா இல்லாத இடத்தில் பத்து நிமிஷம் உட்கார விடுங்கள். வீட்டில் சாவு நடந்திருந்தால் கொஞ்ச நாள் ஸ்டாக் அறையிலோ பில்லிங் பக்கமோ போடுங்கள். துணி எடுக்கப் போகிறவர்கள், "அந்தப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு" என்று மேனேஜரிடம் சொல்வதற்கு முன், அந்த ஒரு வார்த்தைக்கு அவர் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்பதை யோசியுங்கள். சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாத தலைவலியோடு விற்பனைப் பெண் ஒருவர் வந்தால், மாத்திரை எழுதும்போது "வேலையில சிரிக்கலன்னா என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேளுங்கள்.

இந்த வேலையில் இருப்பவர் நீங்கள் என்றால், ராத்திரி எந்த நேரமானாலும் 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.