சூடு மட்டும் இருந்தால் போதாது

பாம்பன் கடல் பெரும்பாலான மாதங்களில் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஒரு டன் கடல்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 40 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவரும். 9 டன் குளிர்ந்தால் ஒரு லிட்டர் டீசல் எரித்த கணக்கு. விசைப்படகைச் சுற்றிலும் இத்தனை வெப்பம் கிடக்கிறதே, பிறகு ஏன் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது?

வெப்ப இயக்கவியலின் முதல் விதி இதைத் தடுக்கவில்லை. கடலில் குறைந்த வெப்பம் படகின் ஓட்டமாக மாறினால் ஆற்றல் கணக்கு சரியாகவே இருக்கும். தடுப்பது இரண்டாம் விதி. நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். கண்மாய் நிறையத் தண்ணீர் நின்றாலும், மடைக்கு அந்தப் பக்கம் தாழ்வாக இருந்தால்தான் அது பாயும். வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்யும். படகைச் சுற்றிக் கடலும் 30, காற்றும் 30. இறங்க இடமில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-லேயே வெப்பத்தை விழும் நீரோடு ஒப்பிட்டுத்தான் இதை விளக்கினார்.

இதே மன்னார் வளைகுடாக் கரையில், நமக்குத் தெற்கே கூடங்குளம் இருக்கிறது. அங்கே ஒரு அணுஉலை தருவது 3000 மெகாவாட் வெப்பம். மின்சாரம் 1000 மெகாவாட். மீதி 2000? கடலுக்குப் போகிறது. பொறியியல் மாணவர்கள் இதை வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டர்பைனுக்கு, அதாவது நீராவி சுழற்றும் சக்கரத்துக்கு, வரும் நீராவி ஏறக்குறைய 278 டிகிரி; 273 கூட்டினால் 551 கெல்வின். கடல் 303 கெல்வின். கார்னோ கணக்குப்படி 303-ஐ 551-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.45, அதாவது வெப்பத்தில் 45 சதவீதம்தான் வேலையாக மாறும். குறையே இல்லாத இயந்திரத்துக்கும் அதுதான் எல்லை. உராய்வு, பம்புகள், நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும், கடலைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும் கண்டென்சர் எல்லாம் சேர்ந்து அதை 33 சதவீதத்துக்கு இறக்குகின்றன.

சரி, சூட்டை ஏற்றினால் என்ன? உலைக்குள் 300 டிகிரியைத் தாண்டிய தண்ணீரைக் கொதிக்கவிடாமல் வைக்கவே வளிமண்டலத்தைப்போல் சுமார் 155 மடங்கு அழுத்தம் தேவை. இன்னும் ஏற்றினால் உலைக்கலன் தாங்க வேண்டும். கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை (ஓடும்போதே புது அணு எரிபொருளையும் உருவாக்கும் உலை) தண்ணீருக்குப் பதில் திரவ சோடியத்தைப் பயன்படுத்துவதில் உள்ள ஒரு லாபம் இதுதான்: சோடியம் 883 டிகிரியில்தான் கொதிக்கும்.

அப்புறம் குளிர்ந்த பக்கம். என் பார்வையில் பாடங்களில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி இது. கண்டென்சரில் குழாய்களுக்குள் கடல்நீர், வெளியே நீராவி, இரண்டும் கலப்பதில்லை. நீராவி 40 டிகிரி வாக்கில் தண்ணீராகச் சுருங்குவதால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அந்தத் தாழ்வு இருப்பதால்தான் நீராவி டர்பைன் வழியே கடைசிவரை விரிந்து வேலை செய்கிறது. 2000 மெகாவாட்டைக் கடல்நீர் 7 டிகிரி மட்டும் சூடாகி ஏற்க வேண்டுமென்றால், நொடிக்கு 70 டன் தண்ணீர் ஓட வேண்டும். ஓரிரண்டு டிகிரி கூடி சில வாரம் நின்றாலே பவளம் வெளுத்துவிடும். அதனால் வெளியேறும் நீர் எங்கே, எவ்வளவு சூட்டில் கலக்கிறது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

உலையை நிறுத்தினாலும் இந்தத் தேவை போய்விடாது. அணுக்கருப் பிளவு நின்ற கணத்திலும் கதிரியக்கச் சிதைவால் ஆறேழு சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். 3000 மெகாவாட் உலையில் அது சுமார் 200 மெகாவாட். 2011-ல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகவே நின்றன. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களையும் கடல்நீர்ப் பம்புகளையும் மூழ்கடித்தது. கடல் அங்கேயேதான் இருந்தது. வெப்பத்தை அதுவரை கொண்டுபோக வழி இல்லாமல் போனது.