முடிவுக்கோட்டுக்கு அப்பால் நிற்கட்டும் பேண்டு வாத்தியம்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டுப் போட்டிகளுக்குக் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் உள்ளூர்ப் பேண்டு வாத்தியக் குழுக்களை அழைப்பது, நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் சேலத்துச் சிறப்புப் பள்ளிகளில் இப்போது வழக்கமாகி வருகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் வாசிப்பவர்கள் இந்தப் பிள்ளைகளுக்காகவும் வந்து வாசிக்கும்போது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடப் போட்டியைப் போட்டியாகவே பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் எங்கே நின்று, எந்த வேகத்தில், எப்போது வாசிப்பது என்பதைக் குழுவினருடன் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முதலாவதாக, குழு நிற்கும் இடம். ஐம்பது மீட்டர் ஓட்டத்தின் பாதியில், வாத்தியம் ஒலிக்கும் பக்கமாகத் திரும்பிச் சிரித்தபடி தன் பாதையை விட்டு வெளியேறிவிடும் ஓட்டக்காரர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது பயிற்சிக் குறைவோ அடங்காமையோ அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் பலவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குவது அவர்களில் பலருக்குக் கடினம். அதிலும் இசை என்றால் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. எனவே குழுவைப் பாதையின் பக்கவாட்டில் நிறுத்தாமல், முடிவுக்கோட்டுக்கு அப்பால் நல்ல தொலைவு தள்ளி, ஓடுபவர்களைப் பார்த்தபடி நிறுத்தச் சொல்கிறேன். அப்போது, வழிமாறச் செய்த அதே ஈர்ப்பு அவர்களை நேராக முடிவுக்கோட்டை நோக்கி இழுக்கிறது. ஓட்டம் தொடங்கும் நேரத்தில் மட்டும் முழு அமைதி வேண்டும். விசில் ஒலி காதில் தெளிவாக விழுந்து, அதைப் புரிந்துகொண்டு கால் எடுத்து வைக்க அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

அடுத்தது வேகம். ஊர்வலத்தில் வாசிக்கும் குத்துத் தாளம் பிள்ளைகளின் அணிவகுப்புக்குப் பொருந்தாது. டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணுக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தசை இறுக்கம் குறைவாகவும் மூட்டுகள் தளர்வாகவும் இருப்பதால், விரைவான தாளத்துக்கு ஈடுகொடுக்க முயன்று கால் பின்னி விழுந்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 90 முதல் 100 அடி என்ற அளவில் பெரிய டிரம்மை நிதானமாகத் தட்டினால், தடுமாறி நடக்கும் பிள்ளையின் நடை கூடச் சீர்ப்படுவதைக் காணலாம். சீரான ஒலியைக் கேட்டபடி நடைபழகுவது எங்கள் துறையில் சிகிச்சையாகவே கையாளப்படும் முறை என்பதால், இந்தப் பலனைப் போட்டி நாளோடு விட்டுவிடாமல், பயிற்சி நாட்களிலும் ஒரே ஒரு டிரம் கலைஞராவது வந்து உதவினால் பெரும்பயன் கிடைக்கும்.

ஒலியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் கால் மணி நேரமாகிவிடுகிறது. டிரம்முக்கு அருகில் நிற்பவர் இந்த அளவை எளிதில் தாண்டிவிடுகிறார். ஆட்டிசமும் சேர்ந்துள்ள பிள்ளைகள் பலருக்கு இதைவிட மிகக் குறைந்த ஒலியே பொறுக்க முடியாத வேதனையாக இருக்கும். அவர்களுக்கென மைதானத்தின் மறுகோடியில் நிழலான, அமைதியான ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். நான் அறிந்த பேண்டு மாஸ்டர் ஒருவர், பிள்ளைகளின் தாய்மார்களிடம், “காதைப் பொத்தினாங்கன்னா எனக்குக் கைகாட்டுங்கம்மா, உடனே நிறுத்திடறோம்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். எல்லாக் குழுக்களுக்கும் நான் எடுத்துச் சொல்ல விரும்பும் நடைமுறை இதுதான்.

வென்றவரைத் தோளில் தூக்கி ஆடுவது பேண்டுக் குழுவினரின் உற்சாகத்தில் இயல்பாக நடப்பதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களை அப்படித் தூக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இராது என்றாலும், திடீரென்று கழுத்து மடங்கினால் தண்டுவடம் நசுங்கக் கூடும். அதேபோல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருப்பதால், யாரேனும் விழுந்தால் வாத்தியத்தை நிறுத்தி, கூட்டத்தை விலக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதும், வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் குழுவினருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1968ஆம் ஆண்டு ஜூலையில் சிகாகோவில் முதன்முதலாக நடைபெற்ற, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளிலிருந்து வளர்ந்த முறையில், வயது, பாலினம், போட்டிக்கு முன் ஓடவிட்டுப் பார்க்கும் ஓட்டத்தில் எடுத்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழச் சமத் திறனுள்ளவர்களே ஒரு பிரிவில் ஓடுகிறார்கள். அந்தப் பிரிவில் பெறும் முதலிடம் உண்மையான வெற்றி; பரிதாபத்தால் கிடைத்த பரிசு அல்ல. ஆகவே சோகமான பாடல்கள் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். முதலில் வந்தவருக்கு எழுப்பும் முழக்கம் கடைசியில் வருபவர் கோட்டைத் தொடும் வரை நீளட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டில் பங்கேற்பதை இவர்களின் உரிமையாகவே கருதி, அதற்கு வழிசெய்யும் பொறுப்பை அரசுக்கு அளிக்கிறது.

இசைக்கலைஞர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முகூர்த்த நாட்களை நம்பிப் பிழைப்பவர்கள். மார்கழியில் கல்யாணங்கள் இல்லாததால் அவர்களுக்கும் ஓய்வு இருக்கும். சேலத்து வெயிலும் தணிந்திருப்பதால் பிள்ளைகளுக்கும் அதுவே உகந்த காலம். ஏற்காட்டில் நடத்துவதாக இருந்தால் மார்கழியின் காலைக் குளிரையும் பனிமூட்டத்தையும் கருதி, வெயில் ஏறிய பிறகு போட்டியைத் தொடங்கலாம். ஆடி மாதம் முழுவதும் மாரியம்மன் பண்டிகைகளில் குழுவினர் ஓய்வின்றி இருப்பார்கள் என்பதால், ஆவணி பிறந்ததும் அவர்களைச் சந்தித்து மார்கழிக்கான நாளை உறுதிசெய்துகொள்ளும்படி பள்ளி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.