இரத்தம் துப்பும்வரை காத்திருக்காதீர்கள்

காசநோய்க்கு மருந்து இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் மலேசியர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். இருந்தும் சாகிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 10 பேருக்கும் குறைவாகவே இந்நோய் காணும் பணக்கார நாடுகளிலும் சாவு நிற்கவில்லை. முதியவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், குடிப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கே அங்கு ஆபத்து அதிகம். நோய் அரிதாகிவிட்டதால் மருத்துவருக்கே அந்த நினைப்பு வருவதில்லை. சிலருக்கு இறந்த பிறகுதான் காசநோய் என்று தெரிகிறது.

கோலாலம்பூரில் நோய் அரிதல்ல. ஆனால் தாமதம் அதேதான். நமக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு சேர்ந்துகொள்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 100க்கு 31 பேருக்கு அது இருந்தது. இனிப்பு நீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. வந்தால் சாகும் வாய்ப்பும் கூடுதல்.

"இரத்தம் வரலையே டாக்டர், அப்புறம் எப்படி டி.பி.?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கைக்குட்டையில் சிவப்புக் கறையைக் காட்டிய பழைய படங்கள் நம் மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டன. பெரும்பாலும் நுரையீரலில் குழி விழுந்து அங்குள்ள இரத்தக்குழாய் அரிக்கப்பட்டால்தான் இரத்தம் வரும். பலருக்குக் கடைசிவரை வராது. வயதானவர்களுக்கு இருமலே இல்லாமல் போகலாம். பசியில்லை, மாலையில் இலேசான காய்ச்சல், பாட்டியின் ரவிக்கை தொளதொளக்கிறது, அவ்வளவுதான். 'வயசாச்சு, சுகர் வேற' என்று வீட்டில் விட்டுவிடுகிறீர்கள். கழுத்துக் கட்டியில், முதுகெலும்பில், மூளை உறையில் வரும் காசநோய்க்கு இருமலுடன் சம்பந்தமே இல்லாதிருக்கலாம். தலைவலியோடு பேச்சு தடுமாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியும் அறுபது வயதில் காக்காது.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருந்துக் கடையில் மூன்றாவது சிரப் வாங்க வேண்டாம். சளியையும் எக்ஸ்ரேயையும் பாருங்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வாயைக் கொப்பளித்துவிட்டு நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் உதவாது. (சக மருத்துவர்களுக்கு ஒன்று: லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கினால் நிம்மதியடையாதீர்கள். அது காசநோய்க் கிருமியையும் சில வாரம் அடக்கி வைக்கும்.)

சிகிச்சை வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. உயிரிழப்புகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான். அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின் சில இனிப்பு நீர் மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். சர்க்கரை ஏறும், இன்சுலின் தேவைப்படலாம். அதற்காகக் காசநோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டயலிசிஸ் செய்பவர் அந்த நாளில், டயலிசிஸ் முடிந்த பிறகே மாத்திரை போட வேண்டும்.

சம்சு சாராயமோ பியரோ, இந்த ஆறு மாதம் தயவுசெய்து தொடாதீர்கள். இந்த மாத்திரைகளே ஈரலுக்குச் சுமை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயம் வேண்டாம், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளாகி, வாந்தியும் வந்து, சிறுநீர் தேநீர் டிக்காஷன்போல் கறுத்தால், காசநோய் மாத்திரைகள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்கு வாருங்கள். நீங்களாக ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றதை விழுங்க வேண்டாம். கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.