பிரேக்டவுன்: சொல் விளக்கம்

பைக் நடுரோட்டில் நின்றுபோனால் சொல்கிறோமே, அதே சொல்தான். ஆனால் எலெக்ட்ரானிக் நடன இசையில் எதுவும் பழுதாவதில்லை. டிரம்மையும் பேஸையும் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் தனியே ஓடவிடும் பகுதிக்கு பிரேக்டவுன் என்று பெயர். பிறகு ஓசை மெல்ல ஏறும், தாளம் மொத்தமாக வந்து இறங்கும். அது டிராப்.

சொல்லின் பழைய பொருள் இதற்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிரேக்டவுன் என்பது ஆரவாரமான நாட்டுப்புற ஆட்டம். பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசிப்பவர்கள் இன்றும் வேகமான மெட்டுகளை அப்படித்தான் அழைக்கிறார்கள். 1970களின் ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தாளம் மிகுந்த நடன இசை) இசைத்தட்டுகளிலோ மற்ற கருவிகள் ஒதுங்கி டிரம் மட்டும் மிஞ்சும் இடம் ‘பிரேக்’ ஆனது. எலெக்ட்ரானிக் நடன இசையின் ஒரு வகையான டிரான்ஸில் அதுவும் தலைகீழானது: டிரம் போய் மெட்டு மிஞ்சியது.

இதைக் காதால் புரிந்துகொள்ள இத்தாலிய இசைக்கலைஞர் ராபர்ட் மைல்ஸின் ‘சில்ட்ரன்’ (1995) என்ற டிரான்ஸ் பாடல் போதும். போரில் சிக்கிய யூகோஸ்லாவியக் குழந்தைகளின் புகைப்படங்களை அவருடைய தந்தை கொண்டுவந்ததுதான் அதற்குத் தூண்டுதல். இரவெல்லாம் ஆடிவிட்டுக் கார் ஓட்டிப்போன இளைஞர்கள் இத்தாலியில் விபத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் முடிவில் அவர்களைச் சற்று அமைதிப்படுத்தவும் மைல்ஸ் நினைத்தார். மைனர் ஸ்கேலில் சின்ன பியானோ மெட்டு, அவ்வளவுதான். அடியில் டிரம் இடிக்கும்போது அது கொண்டாட்டம். டிரம் விலகினால் அதே சுரங்களில் துக்கம் கேட்கிறது. காரணம் பியானோவிலேயே இருக்கிறது: சுத்தியல் தந்தியைத் தட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். சீராக விழும் டிரம் அடி அந்தத் தேய்வை மறைத்துவிடும். அடி நின்றதும் ஒவ்வொரு சுரமும் அடங்கிப்போவது நமக்குத் தெரிகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘முறிவு’ கூடாது, எலும்புதான் நினைவுக்கு வரும். ‘இடைவேளை’ என்றால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். உணர்ச்சி கூடும் இடமே இதுதான். ‘தாள அடக்கம்’ பொருந்தும், ஆனால் அடக்கம் என்றதும் இடுகாடு எட்டிப்பார்க்கிறது. ‘தாள ஓய்வு’ என்பதே என் தேர்வு: ஓய்ந்தது தாளம் மட்டும், பாட்டு அல்ல; ஓய்ந்தது திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் சொல்லுக்குள் இருக்கிறது. “இரண்டாவது தாள ஓய்வில் பியானோ தனியே வருகிறது” என்று எழுதினால் உறுத்தவில்லை.

டிராப்புக்கு இன்னும் மனத்துக்குப் பிடித்த சொல் கிடைக்கவில்லை. ‘வீழ்ச்சி’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், அங்கேதான் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்.