கல்யாணத் தேதிக்காகப் பல்லை ராவ வேண்டாம்

தை பிறந்ததும் கோணல் பல்லுக்காக வருகிறவர்களில் பலர் ஒரு தேதியையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "வைகாசியில் கல்யாணம் டாக்டர், அதற்குள் முன்பல்லுக்கெல்லாம் கேப் போட்டு நேராக்கிவிடுங்கள்" என்கிறார்கள். கிளிப் என்றால் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கேப் என்றால் சில முறை வந்தால் முடிந்தது. அவசரத்தில் இருப்பவர் எதைக் கேட்பார் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் இவை இரண்டும் ஒரே வேலைக்கான மெதுவான வழியும் வேகமான வழியும் அல்ல. கிளிப்பும், கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் உறையான அலைனரும் பல்லை எலும்புக்குள் மெல்ல நகர்த்துகின்றன. முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடான வெனியரும், பல்லை முழுதாக மூடும் கேப்பும் பல்லை நகர்த்துவதே இல்லை. இருந்த இடத்திலேயே அதை ராவி, மேலே வேறு வடிவத்தை ஒட்டுகின்றன. வெனியருக்கு முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவினால் பெரும்பாலும் போதும். கேப்புக்குச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டும். எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது.

அம்மாவோடு வந்த ஒரு பெண்ணுக்கு மேல்வரிசையில் தெத்துப்பல். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். கோரைப்பல் வரிசைக்கு வெளியே, கொஞ்சம் மேலே துருத்திக்கொண்டு நின்றது. சொத்தை இல்லை, கூச்சம் இல்லை, ஈறும் நன்றாக இருந்தது. கேப் போட்டு அதை வரிசைக்குள் காட்ட வேண்டுமானால் வெளிப்பக்கத்தை நரம்பு வரை ராவ வேண்டியிருக்கும். அதனால் நல்ல பல்லுக்கு முதலில் வேர் சிகிச்சை, அப்புறம் கேப். அந்தக் கேப்பும் ஆயுளுக்கும் வராது. பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற நேரலாம். இருபத்தைந்து வயதில் தொடங்கினால் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று அம்மாவே கணக்குப் போட்டுப் பார்த்தார். "கல்யாணம் முடியட்டும், கிளிப்பே போட்டுக்கலாம்மா" என்றாள் மகள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பல்லை அப்படியே விட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். தெத்துப்பல் சிரிப்பை அழகு என்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அவளுக்கு அலைனரைவிடக் கிளிப்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேலே நிற்கும் கோரைப்பல்லைக் கீழே இறக்குவதில் கிளிப்புக்குப் பிடிமானம் அதிகம். லேசான நெருக்கம், சிறு இடைவெளி என்றால் அலைனர் அருமையாக வேலை செய்யும். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். டீ, காபி, நொறுக்குத்தீனி என்று அடிக்கடி கழற்றுகிறவர்களுக்கு அது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. எக்ஸ்ரே எடுக்காமல், வாயைப் பார்க்காமல் விற்கும் அலைனரை வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவில் அலைனரை வீட்டுக்கே அனுப்பி வந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் பாதியில் இருந்தவர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

வெனியரே கூடாது என்று சொல்லவில்லை. தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் குடித்து வளர்ந்து, பல்லில் பழுப்புக் கறை ஏறியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். முனை உடைந்த பல், பிறவியிலேயே சிறுத்த பல் இவற்றுக்குக் காம்போசிட் என்ற பல் நிறப் பசையை வைத்துக் கட்டினாலே பெரும்பாலும் போதும். பல்லை ராவ வேண்டியதே இல்லை, அல்லது மிகக் குறைவு. சில வருடத்தில் கறை பிடிக்கும், விளிம்பு உடையும். திரும்பச் சரிசெய்துகொள்ளலாம்.

கிளிப்பைக் கழற்றியதும் பல்லை நகரவிடாமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர் தருவோம். ஆறு மாதம் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நகர்த்திய பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். முதலில் சில மாதங்கள் நாள் முழுவதும், அதன்பின் இரவில், வருடக்கணக்கில் போட வேண்டும். இதையும் சிகிச்சையின் பகுதியாக எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சின்ன வயதில் நேராக இருந்த முன்பற்கள் நாற்பது வயதுக்கு மேல் விலகி, இடைவெளி விழுந்து, முன்னால் தள்ள ஆரம்பித்தால் அதை அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ஈறு நோயால் எலும்பு கரைந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் புகைப்பவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறோம். அவர்களுக்கு முதலில் ஈறு சிகிச்சை. கிளிப்பா, அலைனரா என்ற பேச்சு ஈறு கட்டுக்குள் வந்த அப்புறம்தான்.